வாரம் மூன்று லட்சம் பவுண்டா? ஃபுட்பால் சம்பளச் சண்டையை ஒழுங்காகப் போடுவது எப்படி

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வருடத்துக்கு மூன்று சண்டை நிச்சயம். ஒன்று தேர்தல். இன்னொன்று யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை என்பது. மூன்றாவது ஃபுட்பால்காரர்களின் சம்பளம். முதல் இரண்டும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, மூன்றாவது மட்டும் கோயில் திருவிழா மாதிரி, வருடா வருடம் அதே வரிசையில் நடக்கும். ஏதோ ஒரு பெரிய கிளப்பில் எவனோ ஒருவன் புது ஒப்பந்தம் போடுவான், சென்னையில் இருக்கும் என் தம்பி அந்தச் செய்தியைக் குழுவில் தட்டிவிடுவான், அடுத்த நிமிடமே மதுரையிலிருந்து சித்தப்பா: "பந்தை உதைக்கிறவனுக்கு வாரம் மூணு லட்சம் பவுண்டா? அதான்டா டிக்கெட் அந்த விலை விக்குது!"

நான் லண்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இதே சண்டையை ஆபீஸ் கேன்டீனில் போட்டிருக்கிறேன், பப்பில் போட்டிருக்கிறேன், ஸ்டேடியத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் தோற்றதுதான். தோற்றதற்குக் காரணம் எதிராளி சொன்னது சரி என்பதல்ல, என் கையில் கணக்கு இல்லை, வெறும் கோபம் மட்டும் இருந்தது. அதனால் இந்தச் சண்டையில் இறங்குவதற்கு முன் என்னென்ன தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். உதாரணமெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துதான், ஏனென்றால் நம் ஆட்கள் அடித்துக்கொள்வதும் பெரும்பாலும் பிரீமியர் லீக்கைப் பற்றித்தான்.

முதலில் எது சண்டை என்று கேளுங்கள்

சித்தப்பா சொன்ன அந்த ஒரு வரியில் இரண்டு சண்டை இருக்கிறது. "அவனுக்கு இவ்வளவு தகுமா" என்பது நியாயம் பற்றியது. "அதனால்தான் டிக்கெட் விலை ஏறியது" என்பது கணக்கு. முதலாவதில் ஆளாளுக்கு ஒரு பதில் இருக்கும், இரண்டாவதில் இருக்க முடியாது. நம் மக்கள் கணக்கில் மாட்டிக்கொண்டால் உடனே நியாயத்துக்குத் தாவிவிடுவார்கள், நியாயத்தில் மாட்டினால் "அந்தக் காலத்தில் எல்லாம் எப்படி விளையாடினான் தெரியுமா" என்று மூன்றாவதாக ஒன்றுக்குப் போய்விடுவார்கள். தாவ விடாதீர்கள். "சித்தப்பா, இப்ப நியாயம் பேசறோமா, கணக்கு பேசறோமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இந்த ஒரு கேள்வியே பாதிச் சண்டையை அடக்கிவிடும்.

அந்த எண்ணை அப்படியே விழுங்காதீர்கள்

இங்கிலாந்தில் எந்தக் கிளப்பும் தனி ஆட்டக்காரனின் சம்பளத்தை வெளியிடுவதில்லை. கிளப்பின் வருடக் கணக்கில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகைதான் இருக்கும். இணையத்தில் சுற்றுகிற "வாரம் இவ்வளவு" எல்லாம் ஏஜெண்டு வழியாகவும் பத்திரிகைக்காரர் வழியாகவும் கசிந்த மதிப்பீடுகள், அதில் போனஸ் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கதை வேறு, அங்கே ஆட்டக்காரர் சங்கமே ஒவ்வொருவர் சம்பளத்தையும் வெளியிடுகிறது, 2025-ல் மெஸ்ஸிக்கு இன்டர் மயாமியில் வருடத்துக்கு சுமார் 20.4 மில்லியன் டாலர் உத்தரவாதம் என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான்.

சரி, மூன்று லட்சம் என்பதை ஒரு பேச்சுக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15.6 மில்லியன் பவுண்டு. பிரிட்டனில் 1,25,140 பவுண்டுக்கு மேல் வருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 45 விழுக்காடு வருமான வரி, அதற்கு மேல் 2 விழுக்காடு தேசியக் காப்பீடு. ஆக அவன் கைக்கு வருவது 8 மில்லியன் சொச்சம், வாரத்துக்கு ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். இது போக, கிளப் தன் பங்குக்கு அந்தச் சம்பளத்தின் மேல் 15 விழுக்காடு காப்பீடு கட்டுகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், அந்த ஆட்டக்காரனை வைத்து அரசுக்குப் போகிற தொகை அவன் வீட்டுக்குப் போகிற தொகையைவிட அதிகம்.

இதைச் சொன்னதும் எதிராளி "இமேஜ் உரிமை" என்பார். சொல்ல வேண்டியதுதான். சம்பளத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரனின் பெயர், முகத்துக்கான கட்டணம் என்று பிரித்து அவனுடைய கம்பெனிக்குக் கொடுத்தால் முதலில் 25 விழுக்காடு நிறுவன வரியோடு முடியும். இந்த விஷயத்தில்தான் ஸ்பெயினில் பெரிய தலைகளே சிக்கினார்கள். 2016-ல் மெஸ்ஸிக்கு வரி ஏய்ப்பு வழக்கில் 21 மாதத் தண்டனை, உள்ளே போகவில்லை. 2019-ல் ரொனால்டோ 23 மாத நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையை ஏற்றுக்கொண்டு சுமார் 18.8 மில்லியன் யூரோ அபராதம் கட்டினார். பணக்காரன் மேல் கோபப்படுவதென்றால் இதற்குப் படலாம். வாங்குகிற சம்பளத்தை விட, அதற்கான வரியைக் கட்டாமல் நழுவப் பார்ப்பது எனக்கு அசிங்கமாகத் தெரிகிறது.

இன்னொரு குழப்பம், நம் ஊர் ஆட்களுக்கே உரியது, ஐபிஎல் பார்த்துப் பழகியதால் வருவது. ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார் என்றால் அந்த 27 கோடிதான் அவருடைய சீசன் சம்பளம். ஃபுட்பாலில் அப்படி இல்லை. 2017-ல் நெய்மார் பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்குப் போனபோது 222 மில்லியன் யூரோ என்று உலகமே வாயைப் பிளந்தது, அந்தப் பணம் போனது பார்சிலோனாவுக்கு. நெய்மாரின் சம்பளம் தனி. "நூறு மில்லியன் வாங்கினானே, கோல் அடிக்க வலிக்குதா" என்று திட்டுகிறவர்களிடம் இதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், மில்லியனைக் கோடியாக்கும்போது பத்து மில்லியன்தான் ஒரு கோடி என்பதை மறக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருமுறை மாமா ஒரு பூஜ்யத்தைத் தவறவிட்டு, டொரொண்டோ நேரப்படி இரவு ஒரு மணி வரை அதை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டார்.

ஒரு காகிதம், ஒரு பேனா

கணக்குச் சண்டையை வார்த்தையில் போடாதீர்கள், எழுதிக் காட்டுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் இதற்கு வசதி, நியூயார்க் பங்குச் சந்தையில் இருப்பதால் கணக்கு வழக்கு எல்லாம் வெளியே கிடக்கிறது. 2024-25 சீசனில் அவர்களுடைய மொத்த வருமானம் 666.5 மில்லியன் பவுண்டு. ஸ்பான்சர், ஜெர்சி மாதிரி வணிகத்தில் 333 மில்லியன், டிவி உரிமையில் 173 மில்லியன், மேட்ச் நாள் வருமானம் 160 மில்லியன். டிக்கெட், சாப்பாடு, சொகுசு அறைகள் எல்லாம் அந்த மூன்றாவதில் வருகிறது. பாதிப் பணம் ஸ்பான்சரிடமிருந்து, கால் பங்கு டிவியிலிருந்து, மீதிக் கால்தான் ஸ்டேடியத்துக்கு வருகிற நம்மிடமிருந்து.

இப்போது டிக்கெட்டில் பத்து பவுண்டு குறைப்போம். ஓல்ட் டிராஃபோர்டில் சுமார் 74,000 இருக்கை, லீகில் சொந்த மைதானத்தில் 19 மேட்ச். பெருக்கினால் 14 மில்லியன் பவுண்டு. மொத்த வருமானத்தில் இரண்டு விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது.

இங்கே சித்தப்பா துள்ளுவார். 14 மில்லியனை 52-ஆல் வகுத்தால் வாரம் இரண்டே முக்கால் லட்சம் பவுண்டு வருகிறது. "பார்த்தியா, ஒரே ஒருத்தன் சம்பளம்! அவனை அனுப்பிட்டா டிக்கெட் பத்து பவுண்டு குறையும்!" இது நல்ல அடி. இதைச் சந்திக்காமல் நழுவினால் நீங்கள் தோற்றீர்கள்.

பதில் அதே கணக்கிலேயே இருக்கிறது. 2023-24-ல் யுனைடெட்டின் சம்பளச் செலவு 364.7 மில்லியன். அடுத்த சீசனில் அது 313 மில்லியனாக இறங்கியது. ஐம்பது மில்லியன் குறைவு, அதாவது சித்தப்பா சொல்கிற மாதிரி மூன்று நட்சத்திரங்களை அனுப்பியதற்குச் சமம். டிக்கெட் என்ன ஆயிற்று? அதே சீசனில், 2024 நவம்பரில், மீதியிருந்த மேட்ச்களுக்கு உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டு என்று ஒரே விலையாக்கினார்கள், சின்னப் பிள்ளைக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது. அதுவரை பெரியவர்களுக்கு 40 பவுண்டிலிருந்தும் பிள்ளைகளுக்கு 25-லிருந்தும் கிடைத்துக்கொண்டிருந்தது. கிளப் நட்டத்தில் ஓடியது, 2023-24-ல் மட்டும் 113 மில்லியன், அதை அவர்கள் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நட்டக் கணக்கில் கடனுக்கான வட்டியும் இருக்கிறது. 2005-ல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது, வாங்குவதற்குப் பட்ட கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். மனம் வெறுத்த ஒரு பகுதி ரசிகர்கள் அதே வருடம் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென ஒரு கிளப்பையே தொடங்கிக்கொண்டு போனார்கள்.

ஆக, சம்பளம் இறங்கியது, டிக்கெட் ஏறியது. டிக்கெட் விலையை முடிவு செய்வது வெளியே நிற்கிற வரிசையின் நீளம். நீங்கள் வாங்கவில்லை என்றால், வாழ்க்கையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று விமானமேறி வருகிறவர் வாங்கப் போகிறார், அவர் கடையில் ஜெர்சியும் எடுப்பார். இதைக் கிளப்காரர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், "செலவு கூடிவிட்டது" என்பார்கள்.

சின்னக் கிளப்பை எடுத்தால் இன்னும் வேடிக்கை. போர்ன்மவுத் மைதானத்தில் உட்காரக்கூடியவர்கள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர். பிரீமியர் லீக் டிவி பணத்துக்கு முன்னால் அவர்களுடைய டிக்கெட் வருமானம் சில்லறை. சும்மா உள்ளே விட்டாலும் கிளப் ஓடும். விட மாட்டார்கள், அது வேறு.

1961-ஐ மனப்பாடம் செய்யுங்கள்

"சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது ஆரம்பித்தால், போட்டுப் பார்த்தாயிற்று என்று சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1901-லிருந்து அறுபது வருடம் உச்சவரம்பு இருந்தது. வாரம் 4 பவுண்டில் ஆரம்பித்து, 1961-ல் எடுக்கும்போது 20 பவுண்டில் நின்றது, கோடை விடுமுறையில் 17. 1948-49 சீசனில் லீக் மேட்ச்களுக்கு 41 மில்லியன் பேர் வந்தார்கள், அந்தச் சாதனை கூட்டத்தை இழுத்தவனுக்கு வாரம் 12 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகுதான் 1961 ஜனவரியில் வரம்பு போனது, ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கிய முதல் ஆளானார். அதற்குப் பிறகும் ஒப்பந்தம் முடிந்தவனைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது, அது முழுதாக உடைய 1995 டிசம்பரில், போஸ்மேன் என்ற ஆட்டக்காரர் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

இங்கே எதிராளி கேட்கக்கூடிய நல்ல கேள்வி: "அப்போது டிக்கெட் மலிவாக இருந்ததே?" இருந்தது. ஆனால் ஆட்டக்காரனுக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும் அன்று கடிவாளம் இருந்தது. கிளப்பிலிருந்து பங்குதாரர் எடுக்கக்கூடிய லாபத்துக்குக் கால்பந்துச் சங்கம் வரம்பு வைத்திருந்தது. 1983-ல் டாட்டன்ஹாம் கிளப் தனக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி, அதைப் பங்குச் சந்தையில் இறக்கி, அந்த விதியைப் பக்கவாட்டில் தாண்டிப் போனது. மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். 1961 பற்றி எல்லோருக்கும் தெரியும், 1983 பற்றிப் பேச ஆளில்லை. ஆட்டக்காரன் சம்பளத்துக்கு மட்டும் வரம்பு கேட்கிறவரிடம், முதலாளியின் வரம்பையும் திருப்பிக் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபுல்ஹாம் மைதானத்தில் ஹெய்ன்ஸ் பெயரில் ஒரு பழைய ஸ்டாண்ட் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே தேம்ஸ் ஓரமாகப் புதிதாகக் கட்டிய ரிவர்சைடு ஸ்டாண்டில் மாடியில் நீச்சல் குளம், அங்கே சில சீசன் டிக்கெட் 3,000 பவுண்டு என்று விற்றார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஹெய்ன்ஸ் பெயர் தெரியும்.

டிவி பில்லை மறக்காதீர்கள்

டிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம், ஆனால் நம்மில் பெரும்பாலானோர் பார்ப்பது சோபாவில்தான். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்றால் பெருமளவு அங்கிருந்து. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியபோது பிரிட்டன் டிவி உரிமை ஐந்து வருடத்துக்கு 304 மில்லியன் பவுண்டு. 2025-ல் தொடங்கிய ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 6.7 பில்லியன். வருடக் கணக்கில் பார்த்தால் இருபத்தேழு மடங்கு. அந்தப் பணத்தைக் கொடுத்த டிவிக்காரர் அதை யாரிடம் வசூலிப்பார்? இங்கே ஸ்கைக்கு ஒரு சந்தா, டிஎன்டிக்கு ஒரு சந்தா, இரண்டையும் கட்டிவிட்டு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி மேட்ச்சைப் பார்க்க முடியாது. ஸ்டேடியக் கூட்டம் குறைந்துவிடும் என்று 1960-களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்டு பிடித்த பிடிவாதம், இன்றும் அந்த நேரத்தில் எந்த மேட்ச்சையும் பிரிட்டனில் நேரலையாகக் காட்டக்கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் நடப்பது இதுதான். நான் ஸ்டேடியத்திலிருந்து பத்து மைலுக்குள் உட்கார்ந்து ரேடியோவை வைத்துக்கொண்டிருப்பேன். சென்னையில் இரவு எட்டரை மணி, தம்பி தோசை சாப்பிட்டுக்கொண்டே போனில் அதே மேட்ச்சைப் பார்த்துக்கொண்டு "அண்ணா, அது பெனால்டியே இல்ல" என்று எனக்கு மெசேஜ் போடுவான். அவன் மாதத்துக்குக் கொடுப்பது நான் இங்கே ஒரு காபிக்குக் கொடுப்பதற்குப் பக்கத்தில் வரும்.

போன வருடம் வெளியூர் மேட்ச் ஒன்றுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே மலிவாக ரயில் டிக்கெட் எடுத்து வைத்தேன், சனிக்கிழமை மேட்ச். டிவிக்காக அதைத் திங்கள் இரவு எட்டு மணிக்கு மாற்றினார்கள். ரயில் பணம் திரும்ப வராத டிக்கெட், திங்கள் இரவு கடைசி ரயிலோ மேட்ச் முடிவதற்கு முன்னாலேயே போய்விடும். மேட்ச் டிக்கெட் 30 பவுண்டு, அதைப் பார்க்காமலே விட்ட செலவு எழுபது. "பார்க்கும் செலவு" என்று சண்டையில் சொல்லும்போது டிக்கெட்டின் மேல் அச்சடித்த விலையை மட்டும் சொல்லாதீர்கள். டிக்கெட் வாங்கத் தகுதி பெறவே உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டும், பையனுக்குத் தனியாக ஒன்று, பயணம், உள்ளே கொஞ்சம் சாப்பாடு, ஒரு டீ. நானும் என் பையனும் லண்டனுக்குள்ளேயே ஒரு மேட்ச் போய் வந்தால் நூற்றைம்பது பவுண்டு காலி.

டிவி பணம் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2025-ல் இந்திய ஃபுட்பால் லீகான ஐஎஸ்எல்லை நடத்துகிற நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்தது, சீசன் தள்ளிப்போனது, ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி வேலைகளையே நிறுத்தி வைத்தது. அங்கே டிக்கெட் விலை பற்றி யாரும் சண்டை போடவில்லை.

சம்பளம் நிஜமாகவே பிரச்சினையாகும் இடம்

சித்தப்பா பக்கம் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அவர் தப்பான மாடியில் நின்று கத்துகிறார், அவ்வளவுதான். ஒரு படி கீழே இறங்கி சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட்டால் கொட்டும் பணத்தை நம்பி, வருகிற வருமானத்தைவிட அதிகமாகச் சம்பளம் கொடுத்த வருடங்கள் அந்த லீகுக்கு உண்டு, ஒரு கிளப் இரண்டு கிளப் இல்லை, லீக் மொத்தத்தையும் கூட்டினாலே அப்படி. அது சூதாட்டம். தோற்றால் கிளப் முதலாளியின் பணம் போகும், முதலாளியும் கைவிட்டால் கிளப்பே போகும். இன்னும் கீழே, 1885-ல் தொடங்கிய பரி கிளப்பை 2018-ல் ஒரு பவுண்டுக்கு வாங்கினார்கள், 2019 ஆகஸ்டில் பணமில்லை என்று லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஒரு ஊரே சனிக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. கிளப்களைக் கண்காணிக்கத் தனி ஒழுங்காணையம் வைக்கும் சட்டம் 2025-ல் பிரிட்டனில் நிறைவேறியதற்குப் பின்னால் இந்த மாதிரிக் கதைகள்தான் இருக்கின்றன.

ஏஜெண்டு கட்டணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியோடு முடிந்த ஒரு வருடத்தில் பிரீமியர் லீக் கிளப்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தது 409 மில்லியன் பவுண்டு. ஒருவரும் கோல் அடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் கோபத்தைச் சரியான இடத்தில் காட்டுவார்.

"நர்ஸுக்கு என்ன சம்பளம் தெரியுமா?"

இது வரும். எப்போதும் கடைசியில் வரும், வந்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். நீங்களும் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள், ஏனென்றால் நர்ஸுக்குச் சம்பளம் போதாது என்பது உண்மை. எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறார். ஆனால் நர்ஸின் சம்பளத்தை முடிவு செய்வது அரசு, ஆட்டக்காரன் சம்பளத்தைக் குறைத்தால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாது, கிளப் முதலாளியிடமே நிற்கும். சொல்லப்போனால் முன்னே பார்த்த கணக்குப்படி அரசுக்கு வருகிற வரிதான் குறையும்.

2020 ஏப்ரலில் இது நடந்தே காட்டியது. கொரோனா நேரம், சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் மாலைச் செய்தியாளர் சந்திப்பில் ஃபுட்பால்காரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வங்கிக்காரர்களைக் கேட்கவில்லை, கிளப் முதலாளிகளையும் கேட்கவில்லை. அதே வாரத்தில் லிவர்பூல், ஆடாத ஊழியர்களின் சம்பளத்தை அரசு உதவித் திட்டத்தில் தள்ளப் பார்த்து, ரசிகர்கள் கொதித்ததும் இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. டாட்டன்ஹாம் பின்வாங்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஆட்டக்காரர்களோ ஜோர்டன் ஹெண்டர்சன் முன்னின்று, பிளேயர்ஸ் டுகெதர் என்று தாங்களே ஒரு நிதி தொடங்கி மருத்துவத் தொண்டு அமைப்புக்குப் பணம் சேர்த்தார்கள். அந்த வருடமே மார்கஸ் ரஷ்ஃபோர்டு ஏழைப் பிள்ளைகளின் விடுமுறைக்கால உணவுக்காகக் குரல் கொடுத்து அரசை முடிவை மாற்ற வைத்தார். எல்லா ஆட்டக்காரர்களும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை, தங்கம் பூசிய கார் வாங்குகிறவனும் இருக்கிறான். அவனைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

யாரிடம் கத்தினால் வேலை நடக்கும்

சண்டையில் ஜெயித்துவிட்டீர்கள் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், விலை குறைந்த கதைகளையும் சொல்லுங்கள். 2016 பிப்ரவரி 6, ஆன்ஃபீல்டில் லிவர்பூல், சண்டர்லேண்டுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை. அடுத்த சீசனுக்கு 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்திருந்தார்கள். சரியாக 77-வது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். காலியான இருக்கைகளுக்கு முன்னால் சண்டர்லேண்டு இரண்டு கோல் அடித்து மேட்ச் 2-2 ஆனது. சில நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றே நாள் கழித்து ஜெர்மனியில் டார்ட்மண்ட் ரசிகர்கள் ஸ்டுட்கார்ட்டில் டிக்கெட் விலையை எதிர்த்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளாக எறிந்தார்கள். அதே வருடம், ரசிகர் அமைப்புகள் வருடக்கணக்கில் நச்சரித்ததன் பலனாக, பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது, இன்றுவரை ஏறவில்லை. ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தும் அந்த மூவாயிரம் பேர் இல்லாவிட்டால் டிவியில் மேட்ச் சவக்களையாக இருக்கும் என்பது கிளப்களுக்கும் தெரியும்.

இதில் எந்த இடத்திலும் ஆட்டக்காரன் சம்பளம் குறையவில்லை என்பதைச் சித்தப்பாவுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

சண்டை போடாமல் மேட்ச் பார்க்க

ஊரிலிருந்து யாராவது வந்து "ஒரு மேட்ச் காட்டேன்" என்றால், இணையத்தில் கண்ட இடத்தில் மறுவிற்பனை டிக்கெட் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் ஃபுட்பால் டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம், வாயிலில் நிறுத்தினால் பணமும் போச்சு, மேட்ச்சும் போச்சு. கோப்பைப் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகள் மலிவாக இருக்கும், பெண்கள் லீக் மேட்ச்கள் இன்னும் மலிவு, பிள்ளைகளுக்கு ஏறக்குறைய சும்மா மாதிரி. எல்லாவற்றையும் விட நான் சொல்வது லீகுக்கு வெளியே உள்ள சின்னக் கிளப்கள், பத்துப் பதினைந்து பவுண்டில் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், சனிக்கிழமை மூன்று மணிக்கே நடக்கும்.

போன அக்டோபரில் சித்தப்பா வந்தபோது அப்படி ஒன்றுக்குத்தான் கூட்டிப்போனேன். மழைத் தூறல், முந்நூறு பேர் இருப்போம், கம்பியில் சாய்ந்து நின்றால் ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது கேட்கிறது. நம்பர் ஆறு போட்டவன் எங்களுக்கு நேரே வழுக்கி வந்து விழுந்தான், முழங்காலில் சேறும் ரத்தமும், எழுந்து துடைத்துக்கொண்டு ஓடினான். சித்தப்பா இரண்டு கையிலும் டீயைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "இவனுக்கு எவ்வளவுடா சம்பளம்?" பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன், வாரத்துக்குச் சில நூறு பவுண்டு வரும், பகலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறான் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்டா. கூடப் போட்டுக் குடுக்கலாமே."